சி.டி.எச். ரோடு முழுக்கத் தெரியும் அந்தப் பெயர்: யார் இந்த மாண்டிசோரி? சென்னையில் அவர் என்ன செய்தார்?

சி.டி.எச். ரோட்டில் அம்பத்தூரைத் தாண்டி ஆவடி வரைக்கும் போய்ப் பாருங்க. இல்லைன்னா பூந்தமல்லி டிரங்க் ரோடு பக்கம் போய்ப் பாருங்க. அட்மிஷன் நேரத்தில் கண்ணில் படும் பிளே ஸ்கூல் பலகைகளில் ஒரு பெயர் அடிக்கடி வரும்: மாண்டிசோரி. பிள்ளையைச் சேர்க்க வரும் பெற்றோரில் பலருக்கு இது ஏதோ ஒரு கம்பெனி பெயர், இல்லைன்னா வெளிநாட்டு சிலபஸ் பெயர்.

உண்மையில் அது ஒரு பெண்ணின் குடும்பப் பெயர். முழுப் பெயர் மரியா மாண்டிசோரி. இத்தாலியில் பிறந்த டாக்டர். இரண்டாம் உலகப்போர் காலத்தில் சென்னை அடையாறில் தங்கி, ஓலைக் கொட்டகையில் பாடம் நடத்தியவர். மகனைப் பிரிட்டிஷ் அரசு பிடித்துக்கொண்டு போனபோது அதே அடையாறில் தனியாக இருந்தவர். இன்று வசதியானவர்களின் பள்ளி என்று பெயர் எடுத்திருக்கும் இந்த முறை, வேலைக்குப் போகும் ஏழைப் பெற்றோரின் பிள்ளைகளுக்காகத் தொடங்கியது. அதனால்தான் அவருடைய கதை மேற்குச் சென்னைக்கு இன்றும் தேவைப்படுகிறது.

என்ஜினீயரிங் படிக்கப் போய் டாக்டரானவர்

மரியா மாண்டிசோரி 1870 ஆகஸ்ட் 31 அன்று இத்தாலியின் கியாரவல்லே என்ற சிற்றூரில் பிறந்தார். அப்பா அரசு ஊழியர். அம்மா புத்தகம் படிப்பதில் ஆர்வம் உள்ளவர். அந்தக் காலத்தில் பெண் பிள்ளை அதிகம் படித்தால் டீச்சராகலாம், அவ்வளவுதான். மரியாவோ பையன்கள் படிக்கும் தொழில்நுட்பப் பள்ளியில் சேர்ந்தார். முதலில் என்ஜினீயராக ஆசைப்பட்டார், பிறகு டாக்டராக வேண்டும் என்று முடிவை மாற்றினார்.

ரோம் மருத்துவக் கல்லூரியில் அவருக்கு இடம் கிடைத்ததே பெரிய பாடு. ஆண்களோடு சேர்ந்து ஒரு பெண் பிணத்தை அறுத்துப் பார்ப்பது அநாகரிகம் என்று கருதப்பட்டது. அதனால் எல்லோரும் போன பிறகு, மாலை நேரத்தில் தனியாக நின்று அந்தப் பாடத்தைப் படிக்க வேண்டியிருந்தது. 1896-ல் டாக்டர் பட்டம் வாங்கினார். இத்தாலியின் முதல் பெண் டாக்டர் அவர்தான் என்று பல இடங்களில் எழுதப்படுகிறது. அது சரியில்லை. அவருக்கு முன்னாடியே சில பெண்கள் அங்கே டாக்டராகியிருந்தார்கள். முதல் சிலரில் ஒருவர் என்பதே சரி.

தரையில் கிடந்த ரொட்டித் துணுக்கு

படிப்பு முடிந்ததும் ரோமில் மனநல மருத்துவப் பிரிவில் வேலை. அதற்காக மனநலக் காப்பகங்களுக்குப் போக வேண்டியிருந்தது. அங்கே மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளையும் பெரியவர்களோடு சேர்த்து அடைத்து வைத்திருந்தார்கள். வெறும் அறை. தொட்டுப் பார்க்க, கையில் எடுத்து விளையாட ஒரு சாமான்கூடக் கிடையாது.

சாப்பாடு முடிந்ததும் குழந்தைகள் தரையில் விழுந்த ரொட்டித் துணுக்குகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தன. அவற்றைப் பார்த்துக்கொள்ளும் பெண்மணிக்கு அது அருவருப்பான பழக்கமாகத் தெரிந்தது. மாண்டிசோரிக்கு வேறு ஒன்று தெரிந்தது. அந்த அறையில் கைக்கு அகப்படும் ஒரே பொருள் அந்தத் துணுக்குதான். குழந்தைகளுக்குப் பசி வயிற்றில் இல்லை, கையிலும் மூளையிலும் இருக்கிறது என்று அவர் புரிந்துகொண்டார்.

அவருடைய வாழ்நாள் வேலையின் விதை இதுதான். குழந்தையைக் குறை சொல்வதற்கு முன்னால், அது இருக்கும் இடத்தைப் பார்.

இட்டார், செகுவின் என்ற இரண்டு பிரெஞ்சு மருத்துவர்களின் நூல்களைத் தேடிப் படித்தார். 1900-ல் இத்தகைய குழந்தைகளுக்காக ரோமில் தொடங்கிய பள்ளியை நடத்தும் பொறுப்பு அவருக்கு வந்தது. பகல் முழுக்கக் குழந்தைகளோடு இருந்து, இரவில் குறிப்பு எழுதினார். படிக்கவே வராது என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைகளில் சிலர் சாதாரணப் பள்ளிப் பிள்ளைகள் எழுதும் தேர்வை எழுதித் தேறினார்கள். எல்லோரும் அவரைப் பாராட்டினார்கள். அவருக்கோ வேறு கவலை. இந்தப் பிள்ளைகளே இவ்வளவு செய்ய முடியும் என்றால், நல்லா இருக்கும் பிள்ளைகளைச் சாதாரணப் பள்ளிகள் எந்த அளவுக்கு அமுக்கி வைத்திருக்கின்றன?

1907: ஒரு குடியிருப்பின் கீழ்த்தளம்

பதில் தேட வாய்ப்பு வந்தது 1907-ல். ரோமில் சான் லோரென்சோ என்ற ஏழைத் தொழிலாளர் பகுதி. ஒரு கட்டட நிறுவனம் அங்கே பழைய குடியிருப்புகளைப் புதுப்பித்து வாடகைக்கு விட்டிருந்தது. அப்பா, அம்மா இரண்டு பேரும் காலையில் வேலைக்குப் போய்விடுவார்கள். பள்ளி வயது வராத பிள்ளைகள் நாள் முழுக்க மாடிப்படிகளில் ஓடி, புதுச் சுவரில் கிறுக்கி வைத்தார்கள். சுவரைக் காப்பாற்ற என்ன வழி என்று யோசித்த நிறுவனம், பிள்ளைகளை ஒரே அறையில் வைத்துப் பார்த்துக்கொள்ள ஏற்பாடு செய்தது. அதை நடத்தித் தர மாண்டிசோரியைக் கேட்டார்கள்.

ஆமாம், உலகம் முழுக்கப் பரவிய ஒரு கல்வி முறை, சுவர் அழுக்காகக் கூடாது என்ற கவலையில்தான் தொடங்கியது.

1907 ஜனவரி 6 அன்று அந்த அறை திறக்கப்பட்டது. பெயர் 'காசா தே பம்பினி'. தமிழில் சொன்னால் குழந்தைகள் வீடு. சுமார் 50 பிள்ளைகள். பார்த்துக்கொள்ள டீச்சர் டிரெயினிங் எதுவும் இல்லாத ஓர் இளம்பெண். பள்ளிக்கூட பெஞ்ச், டெஸ்க் வாங்க நிதி இல்லை.

இந்தக் குறைகளே வசதியாகப் போயின. பெஞ்ச் இல்லாததால் குழந்தைகள் உயரத்துக்குச் சின்ன மேசை, நாற்காலி செய்யச் சொன்னார். பயிற்சி பெறாத பெண் என்பதால் பிள்ளைகளை அடக்கி உட்கார வைக்கும் பழக்கம் அவருக்கு இல்லை. மாண்டிசோரி சொன்னபடி சாமான்களைக் காட்டிக் கொடுத்துவிட்டு விலகி நின்றார்.

அந்த அறை கற்றுக்கொடுத்த மூன்று பாடங்கள்

மாண்டிசோரி ஒரு தத்துவத்தை எழுதி வைத்துவிட்டு அதைப் பிள்ளைகள்மேல் சோதிக்கவில்லை. உட்கார்ந்து பார்த்தார், பார்த்ததை வைத்து அறையை மாற்றினார். சில சம்பவங்கள் அவருடைய நூல்கள் வழியாகப் பிரபலமானவை.

முதல் சம்பவம்: மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி, மரக்கட்டையில் உள்ள குழிகளில் அளவுக்கு ஏற்ற உருளைகளைப் பொருத்திக்கொண்டிருந்தாள். எடுத்தாள், கலைத்தாள், மறுபடி பொருத்தினாள். சுற்றி மற்ற பிள்ளைகளைப் பாட வைத்தார்கள். அவள் உட்கார்ந்திருந்த நாற்காலியோடு தூக்கி மேசைமேல் வைத்தார்கள். மடியில் உருளைகளை வைத்துக்கொண்டு அவள் வேலையைத் தொடர்ந்தாள். 40 தடவைக்கு மேல் செய்துவிட்டு, தூங்கி எழுந்த மாதிரி தெளிவாக எழுந்து போனாள். சின்னக் குழந்தைக்குக் கவனம் நிற்காது என்ற நம்பிக்கை அங்கே உடைந்தது. பிடித்த வேலை கிடைத்து, யாரும் குறுக்கிடாமல் இருந்தால் கவனம் தானா வரும்.

இரண்டாவது: சாமான்களை அலமாரியில் வைத்துப் பூட்டி, டீச்சர்தான் எடுத்துக் கொடுப்பார். ஒருநாள் பூட்ட மறந்து, மறுநாள் தாமதமாக வந்தார். பிள்ளைகள் தாங்களே அவரவருக்கு வேண்டியதை எடுத்து வேலையைத் தொடங்கியிருந்தார்கள். இது திருட்டு என்று டீச்சர் பதறினார். மாண்டிசோரிக்கோ, எது வேண்டும் என்று பிள்ளைக்கே தெரிகிறது என்பது புரிந்தது. அதுக்கப்புறம் பூட்டு போன அலமாரி, கைக்கு எட்டும் உயரத்தில் திறந்த ஷெல்ஃப் ஆனது.

மூன்றாவது: ஒருநாள் மூக்குச் சிந்துவது எப்படி என்று அமைதியாகச் செய்து காட்டினார். பிள்ளைகள் சிரிப்பார்கள் என்று பார்த்தால், கை தட்டினார்கள். மூக்கு ஒழுகுதுன்னு எப்போதும் திட்டு வாங்கிய பிள்ளைகள் அவர்கள். அவமானப்படுத்தாமல் அதை யாரும் சொல்லிக் கொடுத்ததே இல்லை. குழந்தைக்கும் மானம் மரியாதை உண்டு என்பதை அந்தக் கைதட்டலில் அவர் கண்டார்.

இன்று நல்ல மழலையர் வகுப்பு என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி இந்த அறையில் இருந்து வந்ததுதான். உப்புத்தாளில் வெட்டிய எழுத்தை விரலால் தடவிப் பழகுவது, 1 செ.மீ. முதல் 10 செ.மீ. வரை உள்ள பத்துக் கட்டைகளை அடுக்குவது, மணிகளை வைத்து எண்ணிப் பழகுவது, தண்ணீர் ஊற்றுவது, பட்டன் போடுவது, இடத்தைப் பெருக்குவது எல்லாம் அதில் அடக்கம். 3 வயதுக் குழந்தையும் 6 வயதுக் குழந்தையும் ஒரே அறையில் இருப்பதும் அப்படித்தான். பெரியது செய்வதைப் பார்த்துச் சின்னது கற்கும். சின்னதுக்குச் சொல்லிக் கொடுத்துப் பெரியது தெளியும்.

ஊருக்கெல்லாம் குழந்தை, சொந்த மகன் வேறு வீட்டில்

இந்தக் கதையில் ஒரு பெரிய வலி உண்டு. மருத்துவமனையில் கூட வேலை பார்த்த டாக்டர் ஜூசெப்பே மோன்டெசானோவோடு மாண்டிசோரிக்குக் காதல் இருந்தது. 1898-ல் ஆண் குழந்தை பிறந்தது. பெயர் மாரியோ. அவர்கள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அந்தக் கால இத்தாலியில் இது வெளியே தெரிந்தால் அவருடைய வேலை, பெயர் எல்லாம் போய்விடும். குழந்தையை ஊர்ப்புறத்தில் ஒரு குடும்பத்திடம் வளர்க்கக் கொடுத்தார்கள். அவ்வப்போது போய்ப் பார்த்துவிட்டு வருவார். தான் யார் என்று சொல்ல முடியாது.

அம்மா இறந்த பிறகு, 1913 வாக்கில், பதின்ம வயது மாரியோ அவரிடம் வந்து சேர்ந்தார். அதன் பிறகு கடைசிவரை கூடவே இருந்தார். ஆனாலும் வெளி உலகத்துக்கு அவர் அண்ணன் மகன் மாதிரியோ வளர்ப்பு மகனாகவோதான் அறிமுகப்படுத்தப்பட்டார். இந்த மறைப்பு பல வருஷம் கழித்து உடைந்த விதத்துக்கும் சென்னைக்கும் சம்பந்தம் உண்டு.

புகழும் முசோலினியும்

1909-ல் அவருடைய முதல் பெரிய நூல் வந்தது. சில வருஷங்களில் பல மொழிகளுக்குப் போனது. 1915-ல் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ கண்காட்சியில் கண்ணாடிச் சுவர் வைத்த வகுப்பறை ஒன்று அமைக்கப்பட்டது. வெளியே நின்று கூட்டம் வேடிக்கை பார்க்க, உள்ளே பிள்ளைகள் பாட்டுக்கு வேலை பார்த்தார்கள்.

1920-களில் இத்தாலியின் சர்வாதிகாரி முசோலினி இந்தப் பள்ளிகளுக்கு ஆதரவு கொடுத்தார். மாண்டிசோரியும் ஏற்றுக்கொண்டார். இதற்காக அவர்மேல் இன்றும் விமர்சனம் உண்டு. தானே யோசிக்கும் பிள்ளையும், சொன்னதைச் செய்யும் சிப்பாயும் ஒரே பள்ளியில் உருவாக முடியாது என்பது சீக்கிரமே தெரிந்தது. 1934 வாக்கில் உறவு முறிந்தது. இத்தாலியில் அவருடைய பள்ளிகள் மூடப்பட்டன. ஜெர்மனியில் நாஜிகளும் மூடினார்கள். ஸ்பெயினில் இருந்தவரை 1936-ல் உள்நாட்டுப் போர் துரத்தியது. நெதர்லாந்தில் அடைக்கலம் புகுந்தார்.

அடையாறில் ஓலைக் கொட்டகை வகுப்பு

இந்தியாவில் அவருடைய பெயர் அதற்கு முன்பே தெரியும். காந்தி 1931-ல் லண்டன் போனபோது அங்கே இருந்த மாண்டிசோரி பயிற்சிக் கல்லூரிக்குப் போய்ப் பேசினார். தாகூரும் அவருடைய முயற்சிக்கு ஆதரவு தந்தவர்.

1939-ல் சென்னை அடையாறில் இருந்து அழைப்பு போனது. அழைத்தது பிரம்மஞான சபை. அப்போது அதன் தலைவர் ஜார்ஜ் அருண்டேல். அவருடைய மனைவிதான் கலாக்ஷேத்ராவைத் தொடங்கிய ருக்மிணி தேவி. டீச்சர்களுக்கு ஒரு பயிற்சி வகுப்பு நடத்தித் தர வேண்டும், சில மாத வேலை. 69 வயதில், மகன் மாரியோவோடு மாண்டிசோரி சென்னை வந்து இறங்கினார். ஐரோப்பாவில் அப்போதுதான் போர் வெடித்திருந்தது.

அடையாறு ஆல்காட் தோட்டத்தில் ஓலைக் கொட்டகைகள் போடப்பட்டன. இந்தியாவின் பல மூலைகளில் இருந்தும் சுமார் 300 பேர் படிக்க வந்தார்கள். மாண்டிசோரிக்கு ஆங்கிலத்தில் வகுப்பெடுக்க வராது. அவர் இத்தாலிய மொழியில் பேசுவார், பக்கத்தில் நின்று மாரியோ ஆங்கிலத்தில் சொல்வார். மாணவர்கள் குறிப்பு எடுப்பார்கள்.

எதிரி நாட்டுக்காரி

1940 ஜூன் 10. இத்தாலி, ஜெர்மனி பக்கம் சேர்ந்து போரில் குதித்தது. ஒரே நாளில் இந்தியாவில் இருந்த இத்தாலியர்கள் எல்லோரும் பிரிட்டிஷ் அரசுக்கு எதிரிகளானார்கள். மாரியோவைப் பிடித்து இன்றைய மகாராஷ்டிராவின் அகமதுநகர் முகாமில் அடைத்தார்கள். மாண்டிசோரி அடையாறு வளாகத்தை விட்டு வெளியே போகக் கூடாது என்று உத்தரவு.

70 வயதை நெருங்கும் பெண். ஊர் புதுசு, மொழி தெரியாது. தன்னுடைய பேச்சை உலகத்துக்குக் கொண்டுபோகும் மகனும் பக்கத்தில் இல்லை.

அவரை விடுவிக்கச் சொல்லிப் பலரும் அரசிடம் கேட்டார்கள். 1940 ஆகஸ்ட் 31, அவருடைய 70-வது பிறந்தநாள். வைஸ்ராயிடம் இருந்து தந்தி வந்தது. பிறந்தநாள் பரிசாக மாரியோவை விடுவிக்கிறோம் என்பது செய்தி. அதில் மாரியோ அவருடைய மகன் என்றே குறிப்பிடப்பட்டிருந்தார். 40 வருஷமாக ஊருக்குச் சொல்ல முடியாமல் இருந்த உறவை, ஓர் அரசாங்கத் தந்தி சொல்லிவிட்டது.

மூன்று மாசம் வந்தவர், வருஷக்கணக்கில் தங்கினார்

போர் முடியும்வரை ஐரோப்பா திரும்ப வழியில்லை. கட்டுப்பாடுகளோடு பாடம் நடத்த அனுமதி கிடைத்தது. 1942 முதல் 1944 வரை கொடைக்கானலில் தங்கினார். அங்கே பல வயதுப் பிள்ளைகளும் ஒரு சின்னப் பள்ளியில் சேர்ந்தார்கள். மலை, செடி, பூச்சி என்று கையெட்டும் தூரத்தில் இருந்ததே பாடமானது. 6 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கு, பூமி, உயிர், மனிதன் எல்லாவற்றையும் ஒரே கதையாகச் சொல்லிக் கொடுக்கும் முறை இங்கேதான் உருப்பெற்றது. இலங்கையைச் சேர்ந்த லீனா விக்ரமரத்ன இந்த வேலையில் அவருக்குத் துணையாக இருந்தார். இலங்கையிலும் அவர் பயிற்சி வகுப்பு நடத்தினார்.

இன்னொரு முக்கியமான மாற்றமும் இந்தியாவில் நடந்தது. அதுவரை அவருடைய வேலை பெரும்பாலும் 3 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளோடு. இங்கே கைக்குழந்தைகளைப் பார்த்தார். ஐரோப்பாவில் வசதியான வீட்டுக் குழந்தை தனி அறையில், தொட்டிலில், ஆயா பொறுப்பில் கிடக்கும். இங்கே குழந்தை அம்மா இடுப்பில் உட்கார்ந்து கடைக்கும் போகும், கோயிலுக்கும் போகும். பேரம் பேசுவதைக் கேட்கும், சண்டையையும் கேட்கும், எல்லா முகத்தையும் பார்க்கும். யாரும் பாடம் நடத்தாமலே அது தன்னைச் சுற்றி இருப்பதை உறிஞ்சிக்கொள்கிறது என்ற கருத்தை அவர் விரித்துச் சொன்னார். போருக்குப் பிறகு அகமதாபாத்தில் நடத்திய வகுப்புகளில் இருந்து உருவான 'தி அப்சார்பென்ட் மைண்ட்' 1949-ல் சென்னையில்தான் அச்சானது. வேறு சில நூல்களைக் கலாக்ஷேத்ரா வெளியிட்டது. இன்று உலகம் முழுக்கப் படிக்கப்படும் மாண்டிசோரி நூல்களில் பல முதலில் வெளிவந்தது நம்ம ஊரில்.

1946-ல் ஐரோப்பா போனார், 1947-ல் திரும்பி வந்தார், 1949-ல் விடைபெற்றார். இதற்குள் இந்தியாவில் அவரிடம் பயிற்சி பெற்ற டீச்சர்கள் ஆயிரம் பேருக்கும் மேல்.

1949 முதல் 1951 வரை அமைதிக்கான நோபல் பரிசுக்குப் பரிந்துரைக்கப்பட்டார். பரிசு கிடைக்கவில்லை. 1952 மே 6 அன்று நெதர்லாந்தின் நோர்ட்வெய்க் ஊரில் 81 வயதில் இறந்தார். பின்னாளில் இத்தாலி தன்னுடைய 1,000 லிரா நோட்டில் அவருடைய முகத்தை அச்சிட்டது.

அங்கன்வாடிக்கும் அவருக்கும் என்ன தொடர்பு?

பலருக்குத் தெரியாத கிளைக் கதை இது. குஜராத்தில் கிஜுபாய் பதேகா என்று ஒரு வக்கீல் இருந்தார். மாண்டிசோரி நூலைப் படித்து, வக்கீல் தொழிலை விட்டு, 1920-ல் பாவ்நகரில் 'பால மந்திர்' தொடங்கினார். வெளிநாட்டுச் சாமான் வாங்கக் காசில்லாத ஊர்களுக்கு ஏற்ற மாதிரி, உள்ளூர்ப் பாட்டு, கதை, நாடகம், மண், களிமண் எல்லாம் சேர்த்தார். மாண்டிசோரி இந்தியா வருவதற்குச் சில மாதம் முன்பு, 1939 ஜூனில் அவர் இறந்துபோனார்.

அவரோடு வேலை பார்த்தவர் தாராபாய் மோடக். அவர் 1945-ல் மகாராஷ்டிராவின் போர்டி கிராமத்துக்குப் போனார். ஏழைப் பிள்ளைகள் பள்ளியைத் தேடி வரவில்லை. அப்போ பள்ளியே அவர்களைத் தேடிப் போகட்டும் என்று, அனுதாய் வாக் என்பவரோடு சேர்ந்து வீட்டு முற்றங்களிலேயே வகுப்பு நடத்தினார். முற்றத்துக்கு அங்கே 'அங்கன்' என்று பெயர். அங்கன்வாடி என்ற சொல் பழக்கத்துக்கு வந்தது இப்படித்தான். 1975 அக்டோபர் 2 அன்று மத்திய அரசு ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தைத் தொடங்கியபோது, அதன் மையங்களுக்கு இதே பெயர் வந்தது.

தமிழ்நாட்டில் இன்று சுமார் 54 ஆயிரம் அங்கன்வாடி மையங்கள் இருக்கின்றன. 2019 ஜனவரியில் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் உள்ள 2,381 மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் தொடங்கப்பட்டன. ஆக, ஆவடியில் ஒரு தனியார் பிளே ஸ்கூலும், இரண்டு தெரு தள்ளி இருக்கும் அங்கன்வாடியும் தூரத்துச் சொந்தக்காரர்கள்தான்.

பலகையில் பெயர் இருந்தால் போதுமா?

போதாது. 'மாண்டிசோரி' என்ற சொல் யாருக்கும் சொந்தமான டிரேட்மார்க் இல்லை. அமெரிக்காவில் 1967-ல் இது வழக்காகவே வந்தது. பொதுவான சொல், தனி உரிமை கிடையாது என்று முடிவானது. மாண்டிசோரி 1929-ல் தொடங்கிய சர்வதேச அமைப்பு டீச்சர்களுக்கு டிப்ளமோ தருகிறது. ஆனா அந்தப் பயிற்சி இல்லாத இடமும் பலகை மாட்டிக்கொள்ளலாம். பிங்க் நிறக் கட்டைகளை ஆன்லைனில் வாங்கி ஷெல்ஃபில் அடுக்கிவிட்டு, மூன்று வயதுப் பிள்ளைக்கு நாலு கோடு நோட்டில் ஹோம்வொர்க் கொடுக்கலாம். அது பெயர்ப் பலகை மட்டும்தான்.

முறைமேலும் விமர்சனம் உண்டு. கற்பனை விளையாட்டுக்கு இடம் குறைவு, சாமான்களை இப்படித்தான் பயன்படுத்தணும் என்ற கண்டிப்பு அதிகம் என்று நூறு வருஷத்துக்கு முன்பே கல்வியாளர்கள் சொன்னார்கள். செலவு இன்னொரு குறை. முறையாகச் செய்த மரச் சாமான்கள் விலை அதிகம். அதனாலேயே ஏழைக் குடியிருப்பில் பிறந்த முறை, பல நாடுகளில் பணக்காரப் பள்ளிகளுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

பலன் இருக்கிறதா? 2006-ல் 'சயின்ஸ்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் மாண்டிசோரி அரசுப் பள்ளிக்குக் குலுக்கலில் இடம் கிடைத்த பிள்ளைகளையும் கிடைக்காத பிள்ளைகளையும் ஒப்பிட்டார்கள். 5 வயதில் எழுத்து, கணக்கு, மற்றவர்களோடு பழகுவது போன்றவற்றில் இடம் கிடைத்தவர்கள் முன்னால் இருந்தார்கள். அந்தப் பள்ளி முறையை ஒழுங்காகப் பின்பற்றியது என்பதைச் சேர்த்தே படிக்க வேண்டும்.

அட்மிஷனுக்கு முன் என்ன பார்க்கணும்?

தனியார் பள்ளியோ, அங்கன்வாடியோ, கம்பெனி கிரெச்சோ, மாண்டிசோரி பார்த்த அதே கண்ணால் அறையைப் பாருங்க.

• ஷெல்ஃபும் நாற்காலியும் பிள்ளை உயரத்தில் இருக்கா? சாமான்கள் பிள்ளை தானே எடுத்து, தானே திரும்ப வைக்கும்படி இருக்கா, இல்லை காட்சிக்கு மேலே அடுக்கியிருக்கா?

• ஒரு வேலையில் மூழ்கியிருக்கும் பிள்ளையை மணி அடித்து இழுக்கிறார்களா? தொடர்ந்து செய்ய நேரம் கிடைக்குதா?

• டீச்சர் எந்நேரமும் சத்தமாகப் பேசுகிறாரா? உட்கார்ந்து பிள்ளைகளைக் கவனிக்கிறாரா? தரையில் இறங்கி, பிள்ளையின் கண் உயரத்தில் பேசுகிறாரா?

• டம்ளரில் தண்ணீர் ஊற்ற, கை கழுவ, செருப்பு மாட்ட பிள்ளையை விடுகிறார்களா? கொட்டினால் திட்டா, துடைக்கத் துணியா?

• கழிப்பறை சுத்தமா, பிள்ளை தனியாகப் போகும் அளவில் இருக்கா? வெளிச்சம், காற்று, ஓடி விளையாட இடம் இருக்கா?

• பிள்ளையோடு வீட்டு மொழியில் பேசுகிறார்களா? பழகாத மொழியில் மட்டுமே பேசினால் பிள்ளைக்குப் புரிந்துகொள்வது கஷ்டம்.

இதில் பெரும்பாலானவற்றுக்குப் பணம் அதிகம் வேண்டாம். புளியங்கொட்டை, சோழி, தேங்காய்ச் சிரட்டை, பழைய துணி, உப்புத்தாள் போதும். வேண்டியது பயிற்சி பெற்ற ஆள், பிள்ளைகளின் எண்ணிக்கைக்கு ஏற்ற கைகள், அவர்களுக்கு ஒழுங்கான சம்பளம். ஓர் அங்கன்வாடி பணியாளர் கணக்கு எழுதி, சமையலைப் பார்த்து, எடை எடுத்து, வீடு வீடாகவும் போக வேண்டியிருந்தால், பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து கவனிக்க நேரம் எங்கே இருக்கும்?

மேற்குச் சென்னைக்கு ஏன் முக்கியம்?

1960-களில் அம்பத்தூர் தொழிற்பேட்டை வந்தது. ஆவடியில் டாங்க் தொழிற்சாலை வந்தது. பூந்தமல்லியைத் தாண்டித் தொழிற்சாலைகள் நீண்டுகொண்டே போகின்றன. அப்பாவும் அம்மாவும் ஷிஃப்டுக்குப் போகும் வீடுகள் இங்கே ஏராளம். 30 பெண்களுக்கு மேல் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் 6 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்று 1948 தொழிற்சாலைகள் சட்டம் சொன்னது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனத்தில் கிரெச் வசதி வேண்டும் என்று 2017-ல் மகப்பேறு பலன் சட்டத் திருத்தம் சொன்னது. சட்டம் அறை கேட்கிறது. அந்த அறைக்குள் என்ன இருக்க வேண்டும் என்பதுதான் மாண்டிசோரி கேட்ட கேள்வி.

1907-ல் சான் லோரென்சோ பெற்றோருக்கு இருந்த அதே பிரச்சினைதான் இது. வேலைக்குப் போகணும், பிள்ளையை எங்கே விடுவது? கட்டட முதலாளிக்குச் சுவர் பத்திரமாக இருந்தால் போதும். பெற்றோருக்குப் பிள்ளை பத்திரமாக இருந்தால் போதும். பத்திரமாக இருப்பதோடு அந்தப் பிள்ளைக்குச் செய்ய ஒரு வேலையும், அதை முடிக்க நேரமும், கொஞ்சம் மரியாதையும் வேண்டும் என்று கேட்டவர் மரியா மாண்டிசோரி. சேர்க்கைப் படிவத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன், அரை மணி நேரம் வகுப்பின் ஓரத்தில் உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்க. அவரும் வேலையை அப்படிப் பார்ப்பதில் இருந்துதான் தொடங்கினார்.